இடப்பக்கம் கால், வலப்பக்கம் சைலன்சர்

2022 ஜூலைக்குப் பிறகு தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை புழக்கத்துக்கு வந்தது. அடைத்து விற்கும் அரிசியில் 25 கிலோ வரைக்குமான மூட்டைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றானதும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு வரிக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கடையில் காசைக் கொடுத்ததும் அந்த மூட்டை போய் உட்காரும் இடம் பெரும்பாலும் ஸ்கூட்டரின் கால் வைக்கும் தட்டுதான். அதற்கப்புறம் ஓட்டுகிறவர் தன் கால் வைக்க இடம் தேட வேண்டும்.

அரிசி மட்டுமா? வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை ஒட்டி வரும். தண்ணீர் கேன் 20 லிட்டர். அவசரத்துக்கு இவையும் அதே தட்டில்தான் வருகின்றன. காய்கறிப் பை முன் கொக்கியில் தொங்கும். மருந்துக் கவர் டிக்கிக்குள். பூப்பொட்டலம் ஹேண்டில்பாரில். மிச்சம் மீதியெல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில். ஒரு கட்டத்தில் யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிளில் மாட்டுகிறார்களே, அதுபோல இருபுறமும் ஒரு பை மாட்டிவிட்டால் என்ன?

மாட்டலாம். ஆனால் ஸ்கூட்டரில் அது அவ்வளவு எளிதாக உட்காராது. காரணம் அந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது.

1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் மேல் அவருக்குப் பெரிய பிரியம் கிடையாது. காலை வீசிப் போட்டு ஏற வேண்டாம், உடுப்பில் எண்ணெய்க் கறை படக் கூடாது என்று யோசித்து, நடுவில் இருந்த எஞ்சினைப் பிடுங்கிப் பின்சக்கரத்தோடு ஒட்டவைத்தார். முன்னால் தட்டையான இடம் கிடைத்தது. சேலையோ வேட்டியோ, எது கட்டியிருந்தாலும் ஏறி உட்கார முடிவதும், அரிசி மூட்டை நிற்பதும் அந்தத் தட்டினால்தான். எஞ்சின் நகர்ந்து போன இடமோ நெரிசலானது. மோட்டார் சைக்கிளில் காலியாகக் கிடக்கும் பின்பக்கவாட்டு, ஸ்கூட்டரில் காலியாக இல்லை. வெளியே பளபளவென்று ஃபைபர் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குக் காலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசு அது. எஞ்சின் நடுவில், கீழே. சக்கரம் 16 அங்குலம். பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டால் பின்பக்கம் முழுக்கச் சரக்குக்குத்தான். இரும்புப் பட்டறையில் கம்பியை வளைத்து ஒரு சட்டம் அடித்துப் போட்டு, இருபுறமும் கேன் மாட்டிக்கொண்டு பால்காரர் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார். அவர் ஊற்றுவதைக் கவனித்தால் ஒரு சூட்சுமம் தெரியும். ஒரே கேனை முழுக்கக் காலி செய்ய மாட்டார். ஒரு தெருவுக்கு இடது கேனில் மொண்டால் அடுத்த தெருவுக்கு வலது கேன். பத்து லிட்டர் பால் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே வரும். அத்தனையும் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் நிறைந்திருந்தால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அவர் காலுக்குத்தான் வேலை.

இது இன்று நேற்று வந்த அறிவு அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைக் கூட்டம் ஒன்று உண்டு; இருபுறமும் நிறை ஒத்த பொதிகள், சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகு. தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாத காரணத்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களும் பல தேர்தல்களில் கழுதை மேல்தான் ஏறியிருக்கின்றன. முதுகுக்கு இரண்டு பக்கமும் சமமாக, கூடுமானவரை தாழ்வாக, உடம்போடு ஒட்டி. பொதி ஏற்றும் கணக்கு இவ்வளவுதான். கழுதைக்கு விலாவில் சைலன்சர் இல்லாதது ஒரு வசதி.

ஸ்கூட்டருக்கு இருக்கிறது, வலப்பக்கம். பத்து கிலோமீட்டர் ஓடிய வண்டியின் சைலன்சர் அருகே கையைக் கொண்டுபோனால் போதும், நைலான் பைக்கு அங்கே என்ன கதி என்பது புரியும். அதன் மேல் கறுப்பு பிளாஸ்டிக்கோ தகடோ கொண்டு மூடியிருப்பார்கள். அது பின்னால் உட்காருபவரின் காலை மனதில் வைத்து வந்தது, மணிக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் துணிப்பைக்காக அல்ல. ரெக்சின் முதலில் இளகும், பிறகு சுருங்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டிய பொருள் உள்ளே இருந்தால் வாடைதான் முதலில் சேதி சொல்லும்.

இன்னொரு சங்கதியைப் பலரும் கவனிப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் எஞ்சினும் சைலன்சரும் வண்டியின் சட்டத்தோடு இறுகி நிற்பவை. வழக்கமான பெட்ரோல் ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட், சைலன்சர், பின்சக்கரம் எல்லாம் ஒரே துண்டாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். பையோ மேலே உடலில் தொங்குகிறது. ஆக, கடையில் வண்டி காலியாக நிற்கும்போது பைக்கும் சைலன்சருக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கிறது என்று திருப்தியாகக் கிளம்பி வந்தால், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் அதில் பாதி காணாமல் போகும். வேகத்தடையில் ஏறி இறங்கும் நொடியில் மிச்சமும் போய்விடும். இடைவெளியை அளப்பதென்றால் இரண்டு பேரை உட்காரவைத்து, பையையும் நிரப்பி, பின்பக்கத்தை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

சரி, இடப்பக்கம்? கிக்கர் உள்ள வண்டிகளில் கிக்கர் அங்கேதான். பேட்டரி சோர்ந்துபோன ஒரு மழைநாள் காலையில், பையைக் கழற்றினால்தான் கிக்கரை உதைக்க முடியும் என்பது தெரியவரும்போது எரிச்சலாக இருக்கும். பெல்ட் சுழலும் பெட்டி குளிரக் காற்று இழுக்கும் வாயும், பல மாடல்களில் காற்று வடிகட்டியும் இதே பக்கம். அதன்மேல் பையைப் போட்டு அடைத்தால் வண்டி அன்றைக்கே நின்றுவிடாது. பெல்ட்டுக்குச் சூடுதான் மிச்சம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கால். சேலை கட்டிய பெண்கள் பின்னால் ஒருபக்கமாக உட்காரும்போது இரண்டு காலும் இடப்பக்கம்தான் வரும். இந்திய மோட்டார் வாகன விதிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவை. இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்வைப்பு இரண்டும் வேண்டும், உடுப்பு சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியாவது மறைய வேண்டும் என்று 123-ஆம் விதி சொல்கிறது. மோட்டார் சைக்கிள்களில் நாம் பார்க்கும் சாரி கார்டு அப்படி வந்ததுதான். மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்தக் கம்பியையே பை மாட்டும் சட்டமாக்கிக்கொண்டார்கள். ஸ்கூட்டரில் சக்கரம் ஏற்கெனவே மூடியிருக்கிறது. அந்தக் கம்பிக்கு அங்கே வேலை இல்லை, பை சாய்ந்துகொள்ளவும் ஒன்றும் இல்லை.

வலப்பக்கம் சூடு, இடப்பக்கம் கால். பை வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது எந்த பிராண்டு, எத்தனை லிட்டர் என்பதல்ல. தன் பின்சீட்டில் யார், எப்படி உட்காருகிறார் என்பதைத்தான். எப்போதும் தனியாகப் போய்வருபவர் என்றால் இருபுறமும் தாராளமாக மாட்டலாம். பின்னால் இருப்பவர் இருபக்கமும் கால் போட்டு உட்காருபவர் என்றால், அவர் முழங்காலுக்குப் பின்னால் மிஞ்சும் ஒரு சாண் இடத்தில் சிறிய பைகள் அடங்கும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. தினமும் ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் பக்கவாட்டுப் பையை மறந்துவிடுவதே நல்லது. வலப்பக்கம் மட்டும் ஒன்று மாட்டி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. சூடும் போகாது, சமநிலையும் கிடைக்காது. இரண்டு தொல்லையையும் சேர்த்து விலைக்கு வாங்குவானேன்?

மாட்டுவதில் மூன்று வழி இருக்கிறது. பொதி போலச் சீட்டின் குறுக்கே பட்டையைப் போட்டு இருபுறமும் தொங்கவிடுவது முதல் வழி. ஐந்து நிமிட வேலை, ஒரு திருகு கூடக் கழற்ற வேண்டாம். கடைக்காரரும் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். அவர் சொல்லாமல் விடுவது சீட்டைத் திறக்கும் விஷயத்தை. ஸ்கூட்டரின் டிக்கி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பழைய ஆக்டிவாக்களில் பெட்ரோல் மூடியும் அங்கேதான். 2020-இல் வந்த 6ஜி மாடலில்தான் அது வெளியே வந்தது. குறுக்கே பட்டை ஓடும் வண்டியில் பங்க்குக்குப் போனால், பின்னால் வரிசை நிற்க, பைகளைத் தூக்கித் தரையில் வைத்து, சீட்டைத் திறந்து, பெட்ரோல் போட்டு, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். பட்டையைச் சீட்டின் மேல் போடாமல் பின்பக்கப் பிடிகம்பியின் அடியில் நுழைத்துக் கட்டினால் இந்தப் பாடு இல்லை. பெரும்பாலான வண்டிகளில் அதற்கு இடமும் இருக்கும்.

இரண்டாவது வழி நம்மூருக்கே உரியது. புது ஸ்கூட்டர் எடுத்த கையோடு சுற்றிலும் ஸ்டீல் கார்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. நெரிசலில் உரசல் விழாமல் இருக்கத்தான் அது. ஆனால் அந்தக் கம்பி உடலிலிருந்து தள்ளி நிற்பதால் பை மாட்டவும் வாகாகிவிடுகிறது. பையின் முதுகு கம்பியில் சாயும், பெயிண்டில் உரசாது, சைலன்சரிலிருந்தும் கொஞ்சம் விலகும். ஒரு எச்சரிக்கை: கார்டு இடியைத் தாங்க வந்தது, எடையைத் தாங்க அல்ல. அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் குழியிலும் மேட்டிலும் மெல்லத் தளரும். பை மாட்டிய முதல் மாதத்தில் நாலைந்து தடவையாவது ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஸ்பிரிங் வாஷர் போட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, வெல்டிங் பட்டறையில் தனிச் சட்டம் அடிப்பது. பிடிகம்பியின் போல்ட்டையும் கார்டின் போல்ட்டையும் பிடித்து நிற்கும்படி கம்பி வளைத்துக் கேட்டால் செய்து தருவார்கள். வண்டியின் சட்டத்திலேயே வெல்டிங் வைத்துவிடலாம் என்று பட்டறைக்காரர் உற்சாகமாகச் சொல்லக்கூடும், ஒத்துக்கொள்ளக் கூடாது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் மாறும், பெயிண்ட் எரிந்து துரு பிடிக்கும், வாரன்டியும் போகும். மின்சார வண்டி என்றால் ஒயரிங் பக்கம் வெல்டிங் மிஷினையே கொண்டுபோகக் கூடாது.

சென்னையில் இந்தச் சாமான்களுக்கு ஜி.பி. ரோட்டைச் சொல்வார்கள். ஆனால் ஸ்கூட்டருக்குச் சரியாகப் பொருந்தும் பை வேண்டும் என்றால், எந்த ஊரிலும் வண்டி சீட் கவர் தைக்கும் கடைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். கடையில் தொங்கும் ஆயத்தப் பைகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளை நினைத்துத் தைத்தவை. நீளம் அதிகம், ஸ்கூட்டரில் மாட்டினால் கீழ் நுனி சைலன்சரைத் தேடிப் போகும். சீட் கவர்க்காரர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி அளவெடுப்பார். அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. பையின் முதுகில் விறைப்பாக ஒரு அட்டையோ பலகையோ இருக்க வேண்டும். அது இல்லாத பை, நிரப்பியதும் உள்பக்கம் புடைத்துக்கொண்டு சக்கரத்தை நோக்கிப் போகும். பட்டையைப் பையின் வாயில் மட்டும் தைத்து நிறுத்தாமல் அடிவரை ஓடவிட்டுத் தைக்க வேண்டும்; எடை துணியில் தொங்காமல் பட்டையில் தொங்கட்டும். மூடிக்கு வெல்க்ரோ போதாது. இந்த ஊர்ப் புழுதியில் சில மாதத்திலேயே அது பிடிப்பை இழந்துவிடும். பக்கிள் வையுங்கள். பக்கிளுக்கு வெளியே நீளும் பட்டை வாலை மடித்துச் செருக ஒரு வளையமும் கேளுங்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகளை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவிழ்ந்து தொங்கும் பட்டையும் அதே வேலையைச் செய்யும்.

பை பெயிண்டில் படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் கீறல் விழாது. அதே டியூபைக் கீற்றாகக் கிழித்தால் கட்டும் கயிறு. இரண்டு முனையிலும் கொக்கி வைத்து விற்கும் ரப்பர் கயிறைவிட இது மேல் என்பது பஞ்சர் கடைக்காரர்களின் கட்சி. கொக்கி தெறித்து முகத்தில் அடிக்கும் பயம் இல்லை என்பதால் அந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது.

அகலத்துக்கு ஒரே அளவுகோல் ஹேண்டில்பார். ஆக்டிவாவின் அகலம் 70 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஹேண்டில்பார் நுழைந்த இடத்தில் வண்டியின் மற்ற பாகமும் நுழையும் என்பது ஓட்டுகிறவரின் உடம்புக்கே பழகிப்போன கணக்கு. பை அதைத் தாண்டி வெளியே நீட்டினால் அந்தக் கணக்கு பொய்த்துப் போகும், பெரும்பாலும் ஷேர் ஆட்டோவுக்குப் பக்கத்தில். பின் இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் பை மறைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பைக்குப் பதிலாகப் பின்னால் பெட்டி வைப்பவர்களுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020-இல் அளவே குறித்துக் கொடுத்தது: நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500, பின்சீட்டின் மேல் பெட்டி வைத்தால் ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம்.

உழவர் சந்தைக்கு ஒரு நடை போய்வந்தால் பையின் லட்சணம் தெரிந்துவிடும். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்த நாளிலிருந்து, காலையிலேயே போனால்தான் நல்ல காய் என்பது இந்தச் சந்தைகளில் மாறாத விதி. அந்த அவசரத்தில், வாங்கிய வரிசைப்படியே பைக்குள் போட்டால் வீட்டுக்கு வந்துசேர்வது தக்காளித் தொக்கு. வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய் மூன்றையும் இரண்டாகப் பிரித்து இருபக்கமும் அடியில் போடுவதுதான் முதல் வேலை. அதன்மேல் கத்தரி, வெண்டை. தக்காளியும் கீரையும் மேலே. முருங்கைக்காயை நுனி பின்னோக்கி இருக்கும்படி செருக வேண்டும். முன்னோக்கி நீட்டினால் பின்னால் இருப்பவரின் தொடையைக் குத்தும். முப்பது முட்டை அட்டை எந்தப் பக்கவாட்டுப் பைக்கும் அடங்காது. அது மடியிலோ தட்டிலோதான் வரும்.

ரேஷன் கடைக்குப் போகிறவர்களுக்குப் பாமாயில் பாக்கெட் தனிக் கவலை. ஒரு லிட்டர் பாக்கெட்டின் மூலை, ஒரு கிலோ துவரம் பருப்புப் பொட்டலத்தின் அடியில் மாட்டி ஒரு வேகத்தடையைத் தாண்டினால் பை முழுக்க எண்ணெய். பாலுக்கும் தயிருக்கும் சொல்வது போல எண்ணெய்க்கும் தூக்குச்சட்டிதான் வழி. மூடி இறுகும் ஒரு எவர்சில்வர் தூக்கு பையின் மூலையிலேயே நிரந்தரமாகக் கிடக்கட்டும்.

அப்படியானால் டிக்கி எதற்கு என்று கேட்கலாம். பெட்ரோல் வண்டியின் டிக்கிக்குக் கீழேதான் எஞ்சின். ஆக்டிவாவின் டிக்கி 18 லிட்டர். ஹெல்மெட் ஒன்று போனால் மேற்கொண்டு ஒரு ரெயின்கோட் போகும். அங்கே வைத்த பொருள் வெயிலில் படாது, திருட்டும் போகாது. ஆனால் சூடாகும். கடையில் வாங்கிய இட்லி மாவுப் பாக்கெட்டை டிக்கியில் போட்டுவிட்டு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினால், வீட்டில் திறக்கும்போது பாக்கெட் பலூனாக உப்பியிருக்கும். வெண்ணெய், சாக்லேட் கதையும் அதேதான். இன்சுலின் போலக் குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்துகளை அங்கே வைக்கவே கூடாது. ரேஷன் கார்டு, பர்ஸ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றுக்கு டிக்கி. காய்க்கும் மாவுக்கும் காற்றாடும் பை. பையில் பூட்டு கிடையாது என்பதால் இந்தப் பாகப்பிரிவினை திருட்டுக்கும் பொருந்திவருகிறது.

முன் கொக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது; 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஸ்கூட்டர் கொக்கியில் துணிப்பை ஆடிக்கொண்டு போவது இப்போது எங்கும் காணும் காட்சி. கொக்கி இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தாங்க வந்ததில்லை. நீளமான பிடி கொண்ட பை என்றால் திருப்பத்தில் முழங்காலில் மோதி, ஹேண்டில் முழுசாக வளையாமல் தடுக்கும். பிடியை ஒரு சுற்றுச் சுற்றிக் குட்டையாக்கி மாட்டினால் ஆட்டம் அடங்கும். ஹேண்டில்பாரில் நேரடியாகத் தொங்கவிடும் வழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஆக்சிலேட்டர் பக்கம் தொங்கினால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எடை ஏறினால் வண்டியின் குணம் மாறும். ஆக்டிவாவுக்கு முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் இருந்தால் 36 பி.எஸ்.ஐ. காற்று என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டு பையும் நிறைந்திருந்தால் பின்னால் ஆள் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். பின் பையின் எடை பின்சக்கர அச்சுக்கு அப்பால் விழுவதால் முன்சக்கரம் லேசாகும். மணலிலும் ஈரத்திலும் ஹேண்டில் மிதப்பதுபோல் தோன்றும். அப்போது கனமான ஒன்றைக் கால் தட்டுக்கு மாற்றினால் வண்டி அடங்கிவிடும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரைக்கு மிக அருகில் இருக்கும் ஒரே இடம் அந்தத் தட்டு. ஸ்கூட்டரில் அதைவிட நல்ல சுமைதாங்கி கிடையாது. காலுக்கு இடம் விட்டு, பிரேக் போட்டால் சரியாதபடி கட்டியும் வைத்தால் பத்து கிலோ அங்கே இருப்பதே தெரியாது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் வந்த இணைந்த பிரேக், இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கும். நிற்கும் தூரம் கூடுவதை அது குறைக்குமே தவிர ஒழிக்காது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் சென்டர் ஸ்டாண்டுதான். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு வலப்பக்கப் பையை மட்டும் நிரப்பினால் அது நிமிர்ந்து மறுபக்கம் சாயப் பார்க்கும். இடப்பக்கத்தை மட்டும் நிரப்பினால் ஸ்டாண்டு மண்ணில் புதையும். சென்டர் ஸ்டாண்டு போடுவது பலருக்கும், குறிப்பாகப் புதிதாக ஓட்டுகிற பெண்களுக்கு, கைக்குச் சிரமம். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். அப்படி ஸ்கூட்டர் ஏறிய பெண்களிடம் வீட்டுச் சாமான் வேலையும் சேர்ந்தே வந்தது. ஸ்டாண்டு போடுவதில் கைபலத்தைவிடக் கால்தான் முக்கியம். ஸ்டாண்டின் காதில் உள்ளங்காலை வைத்து உடம்பின் முழு எடையையும் அதன்மேல் இறக்கினால் வண்டி தானே பின்னால் ஏறிக்கொள்ளும். கை பிடித்துக்கொண்டால் போதும்.

இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் வந்து பழைய கணக்கைக் கொஞ்சம் கலைத்திருக்கின்றன. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று அவற்றில் பல தமிழ்நாட்டில்தான் உருவாகின்றன. சைலன்சர் கிடையாது, வலப்பக்கம் விடுதலை. எஞ்சின் போன இடத்தில் டிக்கியும் பெருத்துவிட்டது. 2024-இல் வந்த ஏத்தர் ரிஸ்டாவில் சீட்டுக்கு அடியில் 34 லிட்டர், முன்னால் தனியாக 22 லிட்டர் பை வாங்கிப் பொருத்திக்கொண்டால் மொத்தம் 56. பெட்ரோல் வண்டிக்காரர்களும் சும்மா இல்லை. ஜூபிடர் 125-இல் பெட்ரோல் தொட்டியைக் கால் தட்டுக்கு அடியில் கொண்டுபோய் டிக்கியை 33 லிட்டராக்கியது டிவிஎஸ். பெட்ரோல் போடச் சீட்டைத் திறக்க வேண்டிய தொல்லையும் அதிலேயே ஒழிந்தது. இந்த வண்டிகள் வைத்திருப்பவர்கள் பை வாங்குமுன் டிக்கியில் ஒரு வாரச் சாமானை அடுக்கிப் பார்த்துவிடலாம். பலருக்கு அதுவே போதும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எந்த ரெக்சின் பையும் தையல் வழியே ஒழுகும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீரும் அழுகிய கறிவேப்பிலையுமாகப் பை ஊறிக்கிடக்கும். சீட் கவர் கடையிலேயே பையின் அடியில் இரண்டு பித்தளைக் கண் அடிக்கச் சொன்னால் அடித்துத் தருவார்கள். உள்ளே தார்ப்பாய்த் துண்டில் தைத்த ஒரு உறை வைத்து, சாமானை அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் அரிசி நனையாது. மழை விட்ட அன்றே பையைக் கழற்றி, தலைகீழாகக் கொடியில் போட்டுவிட வேண்டும். மாட்டிய இடத்தில் பெயிண்டையும் கார்டின் நட்டுகளையும் துருவுக்குப் பார்க்க அதுவே நல்ல சமயம்.